திகில் படங்களும் நம் வீட்டு அச்சங்களும்

திகில் படங்களின் ரசிகர்கள் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளும் நாள் வரும் என நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. மக்ரிபுக்குப் பின் கிணற்றடிக்குப் போகாதே, உச்சி வேளையில் புளியமரத்தடியில் நிற்காதே என்று மூத்தோர் எச்சரிக்க வளர்ந்தவர்கள் நாம். பேய்ப் படம் தொடங்கினால் தொலைக்காட்சியை அணைத்துவிடும் வீடுகளே நம்மில் மிகுதி. ஆயினும், பார்த்து முடித்த பிறகும் வீட்டில் பேசித் தீராத திரைப்படங்கள் எவை என்று எண்ணிப் பார்த்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை திகில் படங்களாகவே இருக்கக் கண்டோம். சண்டைப் படங்கள் ஒன்றோடொன்று கலந்து மறந்துபோயின. பாழடைந்த வீட்டில் குழந்தையை அணைத்தபடி விடியலுக்குக் காத்திருக்கும் தாயின் முகம் மட்டும் மறக்கவில்லை.

திரைப்படம் பார்ப்பது குறித்த மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம்தான் கேட்டறிய வேண்டும். அதை வழங்கும் தகுதி நமக்கில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் இப்படங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. எதை ஏற்பது, எதை ஒதுக்குவது என்பதற்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. நாம் கண்டுகொண்ட அளவுகோல் எளியது. படம் முடிந்து விளக்கைப் போட்ட பின், எதைக் கண்டு அஞ்சும்படி அது நம்மைப் பழக்கியிருக்கிறது? அஞ்சி நடுங்கும் மனிதரிடம் நம்மை நெருங்கச் செய்ததா, அவரை விட்டு விலகச் செய்ததா?

அச்சப்படுவதே ஈமானின் குறைவு என்று சிலர் கருதுகின்றனர். சூனியக்காரர்களின் கயிறுகளும் தடிகளும் நெளிந்தபோது மூஸா (அலை) அவர்களின் உள்ளத்தில் அச்சம் தோன்றியதைத் திருக்குர்ஆன் மறைக்கவில்லை. ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கிய பின் நபி (ஸல்) அவர்கள் நடுங்கியவாறே வீடு திரும்பினார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் போர்வை போர்த்தினார்கள். உறவினரைப் பேணியதையும், எளியோரின் சுமையைத் தாங்கியதையும், விருந்தினரை உபசரித்ததையும் எடுத்துச் சொல்லி, அல்லாஹ் உங்களைக் கைவிட மாட்டான் என்று ஆறுதல் கூறினார்கள். அஞ்சியவரிடம் நடந்துகொள்ளும் முறைக்கு இதைவிட மேலான முன்மாதிரி நமக்கு இல்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு நாம் போற்றும் படங்களுள் முதலாவது, பாபக் அன்வாரி இயக்கிய ‘அண்டர் த ஷேடோ’. 2016இல் வெளிவந்த இந்தப் பாரசீக மொழிப் படத்தின் களம், ஈராக்குடனான போரின் இறுதிக் காலத்து தெஹ்ரான் நகரம். கணவர் மருத்துவராகப் போர்முனைக்கு அனுப்பப்படுகிறார். ஷீதே என்னும் தாயும் சிறுமி டோர்ஸாவும் அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கிறார்கள். சன்னல் கண்ணாடிகள் சிதறாதிருக்க அவற்றின்மீது ஒட்டுநாடா ஒட்டப்பட்டிருக்கிறது. மேல்மாடிக்குள் ஓர் ஏவுகணை பாய்ந்து, வெடிக்காமல் கிடக்கிறது. அந்த விரிசல் வழியே காற்றோடு ஜின் நுழைந்துவிட்டதாகப் பேச்சு கிளம்புகிறது. அண்டை வீட்டார் ஒவ்வொருவராக வெளியேறுகின்றனர். மகளின் பொம்மை காணாமற் போகிறது. அது இல்லாமல் புறப்பட மாட்டேன் என்கிறாள் மகள்.

இப்படத்தில் ஜின்னைவிட நம்மை உலுக்குவது வேறொரு காட்சி. நள்ளிரவில் அச்சம் தாளாமல் மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவரும் ஷீதே, தலையில் முக்காடு இல்லை என்பதற்காகப் பிடிக்கப்பட்டுக் கண்டிக்கப்படுகிறாள். எதைக் கண்டு ஓடிவந்தாள் என்பதில் அங்கே எவருக்கும் அக்கறையில்லை. பர்தாவைப் பேணும் குடும்பங்களான நாம் கண்கலங்கப் பார்க்க வேண்டிய காட்சி இது. அதே வேளையில் நமக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. பறந்துவரும் நீண்ட துணியாக, நம் தாய்மார் அணியும் மேலாடையின் சாயலிலேயே ஜின்னைக் காட்டியிருக்க வேண்டியதில்லை. நேசிக்கும் படத்தோடு நாம் வாதிடவும் செய்யலாம்.

அடுத்தது, ராஹி அனில் பர்வே இயக்கி 2018இல் வெளிவந்த ‘தும்பாட்’. மராட்டியச் சிற்றூர் ஒன்றில் ஓயாத மழை. பூமிக்கடியில் பசியோடு அடைபட்டிருக்கும் ஒரு கோர உரு. அதனிடமிருந்து திருடப்படும் பொற்காசுகள். கதை அயலாரின் தொன்மத்தைச் சார்ந்தது; அதன் பாடமோ அத்தகாஸுர் சூராவை ஓதும் எவருக்கும் நன்கு பழகியது. மண்ணறைகளைச் சந்திக்கும் வரை பொருள் சேர்க்கும் போட்டி மனிதனை மயக்கி வைத்திருப்பதைத்தானே அந்தச் சூரா எடுத்துரைக்கிறது? விநாயக் தன் சிறு மகனையும் இந்தத் திருட்டுக்குப் பழக்கும் இடம் கோர உருவைவிட அச்சம் தருவது. சொத்தோடு பேராசையையும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்கிறோமா என்று வாப்பாமார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளச் செய்யும் படம் இது.

மூன்றாவது, ரெமி வீக்ஸின் ‘ஹிஸ் ஹவுஸ்’. 2020இல் வந்தது. தெற்கு சூடானின் போரிலிருந்து தப்பிக் கடலைக் கடந்து இங்கிலாந்து சேரும் தம்பதியருக்கு அரசு ஒரு பாழ் வீட்டை ஒதுக்குகிறது. அதை விட்டு வேறிடம் சென்றால் புகலிடக் கோரிக்கையே ஆபத்துக்குள்ளாகும். சுவர்களுக்குள் இறந்தவர்களின் குரல் கேட்கிறது. அவர்கள் எதற்காக அந்த வீட்டில் துரத்தப்படுகிறார்கள் என்பதை இங்கே சொல்லிவிடுவது பார்க்கப்போகிறவர்களுக்கு அநீதியாகும். உயிர் பிழைத்தவரின் நெஞ்சில் என்ன கனக்கிறது என்று கேட்காமலே அகதிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நமக்கும் உண்டு. அதை இப்படம் தயக்கமுறச் செய்கிறது.

நாம் ஒதுக்கும் படங்கள் வேறு வகையின. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ 1973இல் வெளிவந்து இவ்வகைப் படங்களுக்கெல்லாம் இலக்கணமாகிவிட்டது. அதன் கதை வடக்கு ஈராக்கில் தொடங்குகிறது. தொடக்கத்திலேயே ஒலிப்பது பாங்கு. பாங்கோசை கேட்டதும் ஷைத்தான் புறமுதுகிட்டு ஓடுகிறான் என்று புகாரியில் பதிவான ஹதீஸைப் படித்து வளர்ந்த பிள்ளைக்கு, அந்த ஓசையையே தீமை வருவதற்கான முன்னறிவிப்பாகக் கேட்க நேர்வது எத்தகைய முரண்! பிறர் மட்டுமே இதைச் செய்கிறார்கள் என்றும் கூற முடியாது. இந்தோனேசியாவில் தொழுகையையும் ஜின்னையும் வைத்து ஏராளமான திகில் படங்கள் முஸ்லிம்களாலேயே எடுக்கப்படுகின்றன. 2024இல் ‘கிப்லத்’ என்ற படத்தின் சுவரொட்டியில், தொழுகை உடையில் ருகூஉ செய்யும் பெண்ணின் முகம் கோரமாக மேல்நோக்கித் திரும்பியிருந்தது. அந்நாட்டு உலமா சபையிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. சுவரொட்டி விலக்கப்பட்டது, படம் வேறு பெயரில் வெளிவந்தது. தொழுகையில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்ற எண்ணத்தை ஒரு சிறுமிக்குள் விதைப்பது கேளிக்கையாகாது என்பதே நம் கருத்து.

ஜின்கள் உண்டு என்பது நம் நம்பிக்கை. அல்லாஹ்வின் வேதத்தில் 72ஆம் அத்தியாயம் அவர்களின் பெயரையே தாங்கியுள்ளது. அதில் அவர்கள் குர்ஆனைச் செவியுற்று ஈமான் கொள்கிறார்கள். தம்மில் நல்லோரும் உண்டு, அல்லாதோரும் உண்டு என்கிறார்கள். மனிதர் சிலர் ஜின்களிடம் பாதுகாப்புத் தேடியது கேட்டையே கூட்டியது என்றும் அந்த அத்தியாயம் கூறுகிறது. திரைப்படங்களின் ஜின்னோ சுவரில் ஏறும், பெண்களைப் பிடிக்கும். தாயத்து விற்பவருக்கு மட்டுமே அடங்கும். இவ்விரண்டையும் நம் பிள்ளைகள் ஒன்றெனக் குழப்பிக்கொண்டால், அதன் விலையைச் செலுத்துவது பெரும்பாலும் வீட்டில் மனநோயுற்றிருக்கும் ஒருவரே.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் தப்பி ஓட முடியவில்லை; 28 பேர் மாண்டனர். பல சமயத்தாரும் நலம் நாடி வரும் ஊர் அது. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களில் பலர் கொடியவர்கள் அல்லர். தம் பிள்ளைக்கு வந்திருப்பது நோய் என்று எவரும் சொல்லித் தராததால் அலைந்து களைத்தவர்கள். பின்னர் அத்தர்கா வளாகத்திலேயே ‘தவா–துஆ’ என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் இணைந்த சேவை தொடங்கியது. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. ஆயினும் படுக்கையை விட்டு எழாத மருமகளைப் பார்த்து, ‘ஏதோ பிடித்திருக்கிறது’ என்று சொல்லும் நாவு இன்னும் நம்மிடையே இருக்கிறது.

இதனால்தான் ஃபாசில் 1993இல் மலையாளத்தில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தைக் குடும்பங்களுக்குப் பரிந்துரைக்கிறோம். அதன் கதையைத் தமிழர்கள் ‘சந்திரமுகி’ வழியே அறிவர். மூலப்படத்தில் கங்காவின் துன்பத்துக்கு வேர், பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. வீட்டார் வேறொரு பெண்ணைச் சந்தேகித்துத் துன்புறுத்திக்கொண்டிருக்க, மனநல மருத்துவர் ஒருவரே உண்மையைக் காண்கிறார். இறுதியில் மாந்திரீகச் சடங்குக்கும் மருத்துவத்துக்கும் இடையிலான கோடு மங்குவது அதன் குறை. இருந்தும், கணவன் அவளை ஒரு கணமும் கைவிடாமல் நிற்கிறான். நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கான மருந்தையும் இறக்கியுள்ளான் என்ற நபிமொழியை நம்புகிறவர்களுக்கு இப்படம் அந்நியமாகத் தோன்றாது.

பெற்றோருக்குச் சில சொற்கள். தணிக்கைச் சான்றிதழில் இப்போது 7, 13, 16 என்று வயது குறிக்கப்படுகிறது. அதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மேற்கூறிய முதல் மூன்று படங்களும் சிறு பிள்ளைகளுக்கானவை அல்ல. வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் எந்தக் காட்சி நெருடியது என்று கேளுங்கள். இருட்டில் ஒளிந்திருந்து தம்பி தங்கையரை அலறச் செய்யும் விளையாட்டைத் தடுங்கள். ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது ஆகுமானதன்று என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அன்றிரவு பிள்ளைக்கு உறக்கம் வரவில்லையெனில் கேலி செய்ய வேண்டாம். இக்லாஸ், ஃபலக், நாஸ் ஆகிய மூன்று சூராக்களையும் ஓதிக் கைகளில் ஊதி உடலில் தடவிக்கொள்வது நபிவழி. அதைப் பிள்ளையோடு சேர்ந்து செய்துவிட்டு, அது உறங்கும் வரை அருகிலேயே இருங்கள்.