மாத்திரை அட்டை பெரியவர் கையில் இருக்கட்டும்

அவிநாசிபாளையம் வட்டாரத்தில் தாயும் தந்தையும் பனியன் கம்பெனிக்குச் செல்லும் வீடுகள் பல. மனச்சோர்வு மாத்திரையைப் பிள்ளையே பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என விட்டுவிடத் தோன்றுவது இயல்பே. ஆயினும் அது கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இம்மருந்துகள் முழுப்பயன் தரச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்திலும் அளவு மாறும்போதும் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். இதனாலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் இவற்றுக்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. அதன் பொருள் மருந்தைத் தவிர்ப்பதன்று; பிள்ளையைக் கவனித்திருப்பதே. சிகிச்சை பெறாத மனச்சோர்வும் உயிரைப் பறிக்க வல்லது.

ஆகவே மருந்தைப் பூட்டி வையுங்கள். பெரியவர் ஒருவரே எடுத்துக் கொடுத்து, விழுங்குவதைப் பார்க்கட்டும். உங்கள் ஷிப்டுக்கு ஏற்ற வேளையை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். தவறிய வேளைக்காக இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டா. முகம் தெளிந்ததென்று நீங்களாக நிறுத்தவும் வேண்டா.

தூக்கமின்மை, படபடப்பு, மிகுந்த எரிச்சல் தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் பிள்ளையைத் தனியே விடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். ஆலோசனைக்கு டெலி மனஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

மறுபரிசோதனைக்காக விடும் அரைநாள் கூலி இழப்பன்று. அதுவும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.