லெங்கோங் சாம்பல் கடலடியிலும் கிடக்கிறது: அதை வைத்துப் பழைய பருவநிலையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஈப்போவிலிருந்து கோலா கங்சார் வழியாக வடக்கே போனால் லெங்கோங் பள்ளத்தாக்கு. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்த இடம். பேராக் மனிதனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனால் பால்மரங்கள் வளர்ந்த அந்த மண்ணுக்குள் மாவு மாதிரி வெளிறிய இன்னொன்றும் இருக்கிறது: எரிமலைச் சாம்பல்.

பேராக்கில் ஏது எரிமலை? இது சுமத்ராவின் தோபாவிலிருந்து வந்தது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்த பள்ளம்தான் இன்றைய தோபா ஏரி. சுமத்ராவில் காடு எரிந்தால் ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் புகைமூட்டத்தில் மறைவதைப் பார்த்திருப்பீங்க, இல்லையா? அந்தச் சாம்பலும் காற்றில்தான் வந்தது. பேராக்கோடு நிற்கவும் இல்லை. இந்தியா, வங்காள விரிகுடா, அரபிக்கடல், தென்சீனக் கடல் வரை விழுந்தது.

கடலில் விழுந்ததுதான் ஆய்வாளர்களுக்கு ரொம்ப முக்கியம். ஆழ்கடலில் சேறு ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கணக்கில்தான் படியும். கூடவே பாலைவனத் தூசியும் படியும். அரபிக்கடலை எடுத்துக்கொள்வோம். தூசி அதிகமாக இருந்தால், சுற்றியுள்ள நிலம் அப்போது வறண்டிருந்தது என்று பொருள். துகள் பெரிதாக இருந்தால், காற்று பலமாக வீசியிருக்கலாம். நீளக் குழாயை இறக்கி அந்தச் சேற்றை அப்படியே எடுத்து, அடுக்கடுக்காகப் படிக்கிறார்கள்.

சரி, எந்த அடுக்கு எந்தக் காலம்? இங்கேதான் தோபா கைகொடுக்கிறது. சாம்பலில் உள்ள படிகங்களில் பொட்டாசியம் சிதைந்து ஆர்கானாக மாறியிருக்கும். அதை அளந்தால் வயது கிடைக்கும். சேற்றில் அந்தச் சாம்பல் தெரிந்தால் அது ஒரு தேதி முத்திரை மாதிரி.

இந்த முத்திரையை வைத்து ஒரு பெரிய சர்ச்சையையும் சோதிக்க முடிந்தது. 1991-இல் வெடித்த பினாத்துபோவே உலக வெப்பத்தைச் சுமார் அரை டிகிரி குறைத்தது. அப்படின்னா, அதைவிடப் பல மடங்கு பெரிய தோபா மனித இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியிருக்குமா? சமூக ஊடகங்களில் இது உறுதியான செய்தி போலவே சுற்றுகிறது. ஆனால் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சேற்றில் தோபா துகள்களைக் கண்டுபிடித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த அடுக்கை ஒட்டிப் பெரிய குளிர்ச்சிக்குத் தடயம் இல்லை என்றது. விவாதம் முடியவில்லை. ஆனாலும் அந்தப் பேரழிவுக் கதையை அப்படியே நம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

லெங்கோங்குக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. கோத்தா தம்பானில் கிடைத்த கல் கருவிகளின் வயதைச் சொல்ல இந்தச் சாம்பலும் ஓர் ஆதாரமாக இருந்தது. ஆனால் பள்ளத்தாக்கின் சாம்பல் படிவுகள் தண்ணீர் அடித்துக்கொண்டுவந்து மீண்டும் சேர்த்தவை என்று 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. சாம்பலின் வயது அதேதான். அது இப்போது கிடக்கும் இடத்துக்கு எப்போது வந்தது என்பதுதான் கேள்வி. ஆழ்கடலில் அந்தக் குழப்பம் குறைவு. அங்கே அது பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.