கடுவனா, பெட்டையா?

பிள்ளைகள் பூனைக்குட்டி கேட்டால், “கடுவன் என்றாற் கொண்டுவா” என்பதே நம் வீடுகளிற் பெரும்பாலும் கிடைக்கும் விடை. பெட்டைக் குட்டிகளோ சாக்கிற் கட்டப்பட்டுச் சந்தையடியைச் சேருகின்றன. பால்குடி மாறாத குட்டிக்கு அது மரணமேயாம். பெட்டை 5 மாதத்திலேயே கருவுறக்கூடும் என்பது உண்மைதான். ஆயினும், மிருக வைத்தியர் செய்யும் கருத்தடைச் சத்திரசிகிச்சை அவ்வச்சத்தை ஒழித்துவிடும். கடுவனுக்கும் அது வேண்டும். இன்றேல் மதில்மேற் சண்டையும் சுவரெல்லாம் நாற்றமுமே நாம் காணும் பயன்!

குட்டியை 8 வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரித்தலாகாது. மூன்றாம் மாதத்தில் விசர்நோய்த் தடுப்பூசி இடுவித்தல் வேண்டும். பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றோட்டத்தைத் தரும். மீனும் இறைச்சியுமே அவற்றுக்கு இயல்பான உணவு. பூனை தயிர்ச்சோற்றில் வாழாதாகையால், மச்சம் புழங்காத இல்லத்தார் முயல் வளர்ப்பதே நன்று என்போம்.