முதலில் கூடு, பின்னர் கோழி

கோழி வாங்குவது எளிது. அதனைக் காப்பதே அரிது. நெசவாளர் இல்லங்களிலும் குடியானவர் இல்லங்களிலும் புறக்கடையில் நான்கைந்து நாட்டுக்கோழிகள் மேய்வது புதிய வழக்கமன்று. நூல் கிடைக்காமல் தறி நிற்கும் நாட்களிலும், அறுவடைக்கு முந்திய முடைக் காலத்திலும், முட்டையும் சேவலும் விற்று வரும் சில்லறையே பல குடும்பங்களில் உப்புக்கும் புளிக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களுக்கும் உதவுகிறது. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் கையில் சேரும் பணம். ஆதலின் இதனைச் சிறு விஷயமென்று ஒதுக்க நாம் உடன்படோம்.

ஆயினும் இத்தொழிலில் இறங்குவோர் பலர் ஒரு பிழை செய்கின்றனர். கடன் பட்டாவது கோழிகளை முதலில் வாங்கிவிடுகின்றனர். கூட்டைப் பற்றிப் பிறகே எண்ணுகின்றனர். இரவில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஒரு கல்லை ஏற்றினால் போதும் என்பது அவர்கள் நம்பிக்கை. பகலில் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் சிறிது நேரம் மூடிவைக்கப் பஞ்சாரம் தக்கதே. இரவிலோ, தெருநாய் அதனை எளிதில் புரட்டிவிடும். 21 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் ஒரே இரவில் மறைந்துபோனால், கடன் மட்டும் நிற்கும், ஊக்கம் போய்விடும்.

நாமும் இப்பிழைக்கு விலக்கானவர்கள் அல்லோம். நாம் முதலில் அமைத்த கூட்டிற்கு, மலிவாகக் கிடைத்த அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கம்பிவலையை அடித்தோம். கீரி அவ்வலையைத் தொடவே இல்லை. ஓரத்து மண்ணைப் பறித்து அடிவழியே நுழைந்தது. மெல்லிய வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தாது என்பதையும், வலை மண்ணோடு முடிந்துவிடலாகாது என்பதையும் மூன்று பெட்டைகளை இழந்து கற்றோம்.

கோழியின் பகைகள் நேரம் பார்த்து வருவன. மரநாயும் காட்டுப்பூனையும் இரவில் வரும். கீரியோ பட்டப்பகலில் வரும். குஞ்சுகளைக் காகமும் பருந்தும் வல்லூறும் மேலிருந்து தூக்கும். முட்டைக்குப் பாம்பும் எலியும் வரும். எனவே இரவுக்குக் கூடு மட்டும் போதாது; பகலில் உலாவ, மேலும் கீழும் காக்கப்பட்ட அடைப்பு ஒன்றும் வேண்டும்.

10 கோழிகளுக்கு 5 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள கூடு போதுமானது. தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால்கள் மேல் அமைந்தால் ஈரமும் எலியும் அண்டா. நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருப்பின் வெயில் நேராக உள்ளே விழாது. உட்புறம் அமர்வதற்கு இரண்டு கழிகளும், முட்டையிட வைக்கோல் பரப்பிய இரண்டு பெட்டிகளும் வேண்டும். காற்று நுழையும் திறப்புகளை அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையால் அடைத்தல் நன்று. கதவுக்கு வெறும் கொக்கி போதாது. தாழ்ப்பாளிட்டு ஒரு முளையும் செருகவேண்டும்.

அடைப்பு 10 அடிக்கு 10 அடி இருக்கட்டும். அதன் வலையை மண்ணில் 1 அடி ஆழம் புதைக்கவேண்டும். பாறை நிலமாயின், வலையை வெளிப்புறமாக ஒன்றரை அடி தரையில் விரித்துக் கல் பரப்பலாம். தோண்டும் பிராணி வேலியின் அடியிலேயே தோண்டத் தொடங்கும். அங்கே வலை தடுத்தால் பின்வாங்கி விடும். மேற்புறம் பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினாலும் பறவைகளின் தொல்லை நீங்கும்.

கீரியைக் கண்ணி வைத்தோ நஞ்சிட்டோ ஒழித்தால் என்ன என்பாரும் உளர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடங்கொடாது. மேலும், வயலில் எலியைத் தின்று நமக்கு உதவுவதும் அக்கீரியே. கூட்டைத் திறந்து போட்டுவிட்டுக் கீரியைக் குறை கூறுவது நேர்மையாகாது.

நாட்டுக்கோழியை அடைத்தால் அது தழைக்குமா என்பது மற்றொரு கேள்வி. நாள் முழுதும் அடைக்கும்படி நாம் கூறவில்லை. முட்டையிடும் காலை வேளையில் அடைப்பிலும், மாலையில் ஆள் பார்வையில் வெளியிலும் விடலாம். கண்டபடி திரியும் கோழி, தெருவில் நீட்டிய பாவின் கஞ்சியைக் கொத்தி நூலைக் கெடுக்கிறது. அடுத்தவர் நாற்றங்காலைக் கிளறுகிறது. இவற்றால் அண்டை வீட்டாரிடையே எழும் பகை, கோழியின் விலையைவிடப் பெரிது. கூட்டில் அடையும் கோழிக்கு வேறொரு நன்மையும் உண்டு. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போடும் நாளில், விடியுமுன் எல்லாக் கோழிகளையும் தப்பாமல் பிடித்துவிடலாம்.

செலவு என்பதே எஞ்சிய தடை. அதற்கன்றோ சங்கம் இருக்கிறது? பழுதான தறியின் மரங்கள் கூட்டுக்குச் சட்டங்களாகும். கம்பிவலையைத் தனித்தனியே கெஜக்கணக்கில் வாங்காமல், நூலை வாங்குவதுபோல் மொத்தச் சுருளாகச் சங்கமே வாங்கி, அடக்கவிலைக்கு அங்கத்தினர்களுக்குப் பிரித்து வழங்கலாம். கோழிக் கடனை இரு தவணைகளாக்கி, முதல் தவணையைக் கூட்டுக்கும், கூடு முடிந்ததைப் பார்வையிட்ட பின்னர் இரண்டாம் தவணையைக் கோழிகளுக்கும் தருவதே முறை. கூட்டில் பரப்பும் உமியும் கடலைத்தோலும் எச்சத்தோடு மக்கி நல்ல எருவாகும். நெசவாளர் வீட்டு எரு குடியானவர் வயலுக்கும், வயலின் உமி நெசவாளர் கூட்டுக்கும் செல்லுமாயின், கூட்டுறவுக்கு அதனினும் எளிய விளக்கம் வேண்டுமோ?

அடுத்த பொதுக்குழுவில் இவ்விஷயத்தை நிர்வாகிகள் முன்வைக்கவேண்டும் என்பது நம் கோரிக்கை. அதுவரை, சந்தையில் கோழியைக் கண்டு ஆசைப்படும் அங்கத்தினர் ஒவ்வொருவரும், வீட்டுப் புறக்கடையில் கூடு நிற்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு விலை பேசுவாராக.