ஏறுவதற்கு டர்போ... இறங்குவதற்கு?

தர்மபுரி. சாயங்காலம் 5 மணி. பஸ் வர நேரம் இருந்தது. ரோட்டோரப் பட்டறை ஒன்றில் நிழலுக்கு ஒதுங்கினேன்.

உள்ளே ஒரு பழைய வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற டர்போ டீசல் பிக்கப். வயது 20-ஐத் தாண்டும். பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். என்ஜின் தனியாக மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தது.

வண்டிக்காரர் மலைக் கிராமத்துக்காரர். காபிக் கொட்டை விற்ற காசு மடியில் இருந்தது.

"அண்ணே, பெரிய டர்போவா போட்டுடுங்க. பம்ப்பையும் ஏத்தி வையுங்க. டயரும் பெரிசா வேணும். மலையில வண்டி சும்மா பறக்கணும்!" என்றார்.

மிஸ்திரி டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"ஏறுறதுக்கு எல்லாம் சொல்லிட்டே தம்பி. எறங்குறதுக்கு என்ன செய்யட்டும்?"

பதில் இல்லை.

பஸ்சில் வரும்போதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வாசகர்களிடம் வைக்கிறேன்.

ஜீப்தான் பஸ்!

பெரிய நகரங்களில் பழைய ஜீப் ஒரு ஆசை. பணக்காரர்கள் வாங்குவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவார்கள். திங்கட்கிழமை ஷெட்டில் நிறுத்திவிடுவார்கள்.

நம்ம மாவட்டத்தில் கதையே வேறு. வத்தல்மலை, சித்தேரி மலைப் பக்கம் போய்ப் பாருங்கள். ரேஷன் அரிசி ஏறுவதும் இந்த வண்டியில்தான். மிளகும் காபியும் இறங்குவதும் இதில்தான். ராத்திரி 2 மணிக்குப் பிரசவ வலி கண்டால் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதும் இதில்தான்.

ஒரு காலத்தில் லாரி செய்யும் மாவட்டம் இது! 1980-ல் ஓசூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்தபோது ஓசூர் நம்மோடுதான் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004-ல்தான். ஆனாலும் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு, 2024 பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டு மிஷின் போனது கழுதை முதுகில்!

ஆகவே பழைய வண்டியைச் சரிபண்ணி ஓட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். புதுசு வாங்க எல்லோரிடமும் லட்சக்கணக்கில் பணம் இருக்கிறதா? எதை முதலில் சரிபண்ணுகிறோம் என்பதில்தான் வழக்கு.

டர்போ என்ன செய்கிறது?

என்ஜினிலிருந்து சூடாக வெளியே போகிற புகை சும்மா போகாமல் ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றிவிட்டுப் போகிறது. அதே தண்டில் இன்னொரு காற்றாடி. அது வெளிக் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம். இழுவை கூடும். 1905-லேயே இதற்குப் பேட்டண்ட் வாங்கியவர் ஆல்பிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து என்ஜினீயர்.

நல்ல சாமான்தான். ஆனால் பெரிசாகப் போட்டால் பெரிய லாபம் என்பது தப்புக் கணக்கு.

மலையில் பாரத்தோடு ஏறும்போது என்ஜின் மெதுவாகத்தான் சுற்றும். பெரிய டர்போவைச் சுழற்ற அந்தப் புகை போதாது. இழுவை வேண்டிய வளைவில் வராது. வேண்டாத நேர்ரோட்டில் வந்து குதிக்கும். மலைக்குச் சின்ன டர்போதான் சரி. கம்பெனி எதைப் போட்டதோ அதையே புதுப்பித்தால் போதும்.

பம்ப்பை ஏற்றினால் என்ன ஆகும்? டீசல் அதிகம் பாயும். காற்று போதாது. குபுகுபுவென்று கரும்புகை வரும். அதைப் பார்த்து "பவர் வந்துடுச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது பவர் இல்லை ஐயா, எரியாமல் போகிற உங்கள் காசு! உள்ளே சூடு ஏறும். ஹெட் கேஸ்கட் போகும். பிஸ்டனே உருகும்.

டர்போ இல்லாமல் வந்த பழைய பியூஜோ என்ஜின் ஜீப்புகளுக்கு இன்னும் ஆபத்து. 2,112 சி.சி., சுமார் 60 குதிரை சக்தி. உள்ளே காற்றை ஏற்கனவே இருபது மடங்குக்கு மேல் அமுக்குகிற என்ஜின் அது. அதன் தலையில் டர்போவையும் கட்டினால் எத்தனை நாள் தாங்கும்?

இரண்டு குடம் வெந்நீர்!

இப்போது மிஸ்திரி கேட்ட கேள்விக்கு வருவோம். ஆளும் சாமானுமாக 2 டன் எடையுள்ள வண்டி, மலையிலிருந்து 500 மீட்டர் உயரம் இறங்குகிறது. என்ஜின் பிடிக்காவிட்டால் அத்தனையும் பிரேக்கில் சூடாக மாற வேண்டும். எவ்வளவு சூடு? இரண்டு குடம் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கிற சூடு! அத்தனையும் நாலு சக்கரத்து பிரேக்குக்குள்!

பிரேக் ஆயில் பழசாக இருந்தால் அதில் ஈரம் சேர்ந்திருக்கும். சூட்டில் அது கொதிக்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வண்டி நிற்காது.

பெரிய டயர் கேட்டாரே, அது இன்னொரு வம்பு. டயர் பெரிதானால் கியர் பிடிப்பு குறையும். இறக்கத்தில் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிப்பதும் குறையும். மிச்ச வேலையும் பிரேக் தலையில்தான். ஸ்பீடா மீட்டரும் பொய் சொல்லும். 40 என்று காட்டும்போது வண்டி அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்.

டீசல் மிச்சம் என்று என்ஜினை நிறுத்திவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. பிரேக் பூஸ்டருக்கு உயிர் கொடுப்பது என்ஜின் சுற்றும்போது ஓடுகிற வாக்குவம் பம்ப். என்ஜின் நின்றால் ஒன்றிரண்டு மிதி. அப்புறம் பெடல் கல்!

தொப்பூர் கணவாயில் வாரக்கணக்கில் ஓடிவந்த அனுபவசாலி டிரைவர்களே நியூட்ரலில் இறங்கி மாட்டிக்கொண்டதை நாம் பார்த்தோம். நாலு வழிச் சாலையிலேயே அந்தக் கதி என்றால், கொண்டை ஊசி வளைவில் கேட்க வேண்டுமா?

பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம் ஒன்றுதான். எந்த கியரில் ஏறினாயோ, அந்த கியரில் இறங்கு!

முதல் செலவு எது?

முதலில் சேஸ். துரு, விரிசல், ஒட்டுப்போட்ட வெல்டிங் எல்லாம் பார்க்க வேண்டும். அடுத்தது பிரேக்: லைனிங், வீல் சிலிண்டர், குழாய், பூஸ்டர், ஹேண்ட் பிரேக். ஆயிலை 2 வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். அப்புறம் ஸ்டியரிங் ஆட்டம், பட்டைகள், டயர், லைட். பிறகு ரேடியேட்டர். கடைசியில்தான் என்ஜினும் டர்போவும்.

டர்போவுக்கும் ஒரு வார்த்தை. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான் அது. அதன் உயிர் என்ஜின் ஆயில். மேலே ஏறியதும் சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொன்னது. விபத்து நடந்த பிறகு, "இது நாங்கள் இன்சூர் செய்த வண்டியே இல்லை" என்று கம்பெனி கைவிரித்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதிகாரிகளுக்கும் ஒரு கேள்வி. 15 வருஷம் தாண்டிய சொந்த ஜீப்புக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. கட்டணம் ஏறியது சரி. அந்த வண்டியின் பிரேக் எத்தனை நிமிஷம் பரிசோதிக்கப்படுகிறது?

ஆபீசுக்கு வா என்று கூப்பிட்டால் மலைக்காரன் ஒரு நாள் கூலியை இழப்பான். பயந்துகொண்டு வரவும் மாட்டான். மாதம் ஒரு நாள் மலை அடிவாரத்திலேயே முகாம் போடுங்கள். அபராதம் போட அல்ல. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, "இதை மாற்று" என்று எழுதிக் கொடுக்க. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கிற பையன்களையும் கூட்டிப் போங்கள். அவர்களுக்குப் பாடம், மலை மக்களுக்கு உயிர்.

பஸ் ஹாரன் கேட்டது. நான் எழுந்தேன். மலைக்காரர் பணத்தை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார்.

"பிரேக்குக்கு மட்டும் எவ்வளவுண்ணே ஆகும்?"

கேட்டாரே, அது போதும். இந்தக் கேள்வியை மலையில் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் கேட்க வேண்டும். அதிகாரிகளும் மனசு வைப்பார்களா?