ஏழு பேர் சேர்ந்தால்

லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் விசாரிப்பார்கள். இரண்டு நாள் பிரட்டுக்குப் போகாவிட்டால் ஆள் தேடி வரும். அப்படி வளர்ந்த நம் பிள்ளைகள் இன்று கொழும்பு கொம்பனித்தெருவில் சாப்பாட்டுக் கடைகளிலும் சில்லறைக் கடைகளிலும் நிற்கிறார்கள். இரவில் சிலர் கடைக்குள்ளேயே சாமான் பெட்டிகளுக்கு நடுவில் படுக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் கேட்க ஆளில்லை.

இந்தத் தனிமையைப் பற்றி ஒரு நல்ல நாவல் இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக் 1937இல் எழுதிய 'எலிகளும் மனிதர்களும்'. கலிபோர்னியாவில் பண்ணை பண்ணையாக வேலை தேடி அலையும் ஜோர்ஜ், லெனி என்ற இரண்டு கூலியாட்களின் கதை அது. லெனிக்கு மலை போன்ற உடம்பு, குழந்தை மனது. மற்றவர்கள் எல்லாரும் தனித்தனியாக அலைய, இவர்கள் மட்டும் ஒன்றாக வருகிறார்கள். முதலாளிக்கு உடனே சந்தேகம்: லெனியின் சம்பளத்தை ஜோர்ஜ் சுருட்டுகிறானோ? தொழிலாளி தொழிலாளிக்குத் துணை நின்றால் முதலாளி சந்தேகப்படுவது நமக்குப் புதிதல்ல.

அந்தப் பண்ணையில் ஒரு கையை இழந்த கிழவன் கேண்டி இருக்கிறான். வேலை செய்ய முடியாத நாளில் துரத்திவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு. குரூக்ஸ் கறுப்பன் என்பதால் மற்ற ஆட்களோடு படுக்க இடமில்லாமல் குதிரை லாயத்தை ஒட்டிய அறையில் தனியே கிடக்கிறான். பண்ணையின் ஒரே பெண்ணுக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது.

ஜோர்ஜுக்கும் லெனிக்கும் ஒரு கனவு உண்டு. சொந்தமாகக் கொஞ்சம் காணி, சின்ன வீடு, வளர்க்க முயல்கள். விலை 600 டொலர். கை போனதற்குக் கிடைத்த நட்டஈட்டையும் சேமிப்பையும் தருகிறேன் என்று கேண்டி சொன்னதும், வெறும் பேச்சாக இருந்த கனவு ஒரு மாதத்தில் நடக்கக்கூடிய காரியமாகிறது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்தும் காணி உறுதி கிடைக்காத நமக்கு அந்தக் கனவை யாரும் விளக்கத் தேவையில்லை.

கதை நல்லபடி முடியவில்லை. பேச்சுத்துணை தேடி வந்த அந்தப் பெண் லெனியின் முரட்டுக் கையில் தவறிச் சாகிறாள். துரத்தி வருபவர்களிடம் லெனி சிக்கிச் சாகக்கூடாதென்று ஜோர்ஜே அவனைச் சுடுகிறான். இதை விதி என்று சொல்பவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. நிலையில்லாத வேலை, நிற ஒதுக்கல், ஒருவரை ஒருவர் நம்பவிடாத பயம் ஆகியவைதான் அங்கே எல்லாரையும் தனியாக்கின. தனியாக நிற்பவனைக் குறைந்த கூலிக்கு வைத்திருப்பது சுலபம்.

கொம்பனித்தெரு இதை முன்பே பார்த்த மண். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த இடம் என்பதால்தான் வெள்ளைக்காரன் அதை 'ஸ்லேவ் ஐலண்ட்' என்றான். இன்று விலங்கு இல்லை, சட்டம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. வாரத்தில் ஒன்றரை நாள் லீவும் உண்டு. ஈ.பி.எப்.பில் முதலாளி 12 சதவீதம் கட்ட வேண்டும். ஆனால் தனியாக நிற்கும் பிள்ளை இதை யாரிடம் கேட்பான்? வீட்டு வேலைக்குப் போன நம் பெண் பிள்ளைகளை அந்தச் சட்டம் எட்டுவதே இல்லை.

தோட்டத்தில் செக்ரோலில் பேர் இருந்தால் சந்தா கழியும், சங்கம் பின்னால் நிற்கும். கொழும்புக்கு பஸ் ஏறினால் செக்ரோலும் இல்லை, சங்கமும் இல்லை. பிள்ளை போன இடத்துக்குச் சங்கமும் போகவேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கொம்பனித்தெருவில் நம் பிள்ளைகள் கூடி உட்கார ஓர் இடம் வேண்டும். சம்பளத் துண்டைக் காட்டி விளக்கம் கேட்க அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். போனில் காசு அனுப்பியாச்சா என்று கேட்கும்போது, யாரோடு சாப்பிடுகிறாய், ஈ.பி.எப். பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை அதே தெருவில் நின்றால் அவனுடைய நம்பரை வாங்கிக் கொடுங்கள்.

1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிய ஏழு பேரின் கையெழுத்துப் போதும். அந்த ஏழு பேரும் முதலில் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும்.