எஞ்சினை மாற்றினால் போதுமா?

இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 1996-ல் விற்பனைக்குக் கொண்டு வந்த எலிஸ் ஸ்போர்ட்ஸ் காரின் எடை சுமார் 725 கிலோதான். அலுமினியச் சட்டத்தால் வந்த லாபம் அது. அதனால் 118 குதிரைத்திறன் கொண்ட 1.8 லிட்டர் ரோவர் எஞ்சினே அதைச் சீறிப் பாய வைத்தது.

சிலருக்கு அது போதவில்லை. ரோவர் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஹோண்டாவின் 2 லிட்டர் கே20 எஞ்சினைப் பொருத்தி, சூப்பர்சார்ஜரும் மாட்டுகிறார்கள். பெல்ட் மூலம் சுழலும் இந்தக் கருவி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். கூடவே பெட்ரோலும் கூடினால் சக்தி எகிறும்.

அத்துடன் வேலை முடிந்ததா? எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யு. என்ற குட்டிக் கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டும். எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்ற கணக்கு அதில் தவறினால் பிஸ்டனே உருகிப் போகலாம். ரேடியேட்டர், கிளட்ச், பிரேக் எல்லாமே புதிய சக்திக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டரும் அப்படித்தான். பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன் எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட், அதற்கான பவர் கனெக்டர் உண்டா, கேபினட்டில் இடமும் காற்றோட்டமும் உண்டா என்று பாருங்கள். பார்க்காமல் வாங்கி, ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பலி கொடுத்தவன் நான்.

என்னைக் கேட்டால், முதலில் எடையைக் குறையுங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தானாக ஓடும் தேவையற்ற புரோகிராம்களை நிறுத்திப் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை. வேகம் போதாவிட்டால் மட்டும் பர்ஸைத் திறங்கள்!